போனுக்கு வெளியே ஒரு பூட்டு

திரை நேரத்தைக் குறைக்கும் வசதி போனுக்குள்ளேயே இருக்கிறது. 2018இல் அன்ரொயிட்டுக்கு டிஜிற்றல் வெல்பீயிங்கும் ஐபோனுக்கு ஸ்கிரீன் ரைமும் வந்தன. ஒரு செயலிக்கு நாளொன்றுக்கு 30 நிமிடம் என்று வரம்பு வைக்கலாம். வரம்பு முடிந்ததும் செயலி மங்கிப் போகும். ஆனால் வரம்பை வைத்த அதே விரல் இரண்டு தட்டில் அதை எடுத்தும் விடும். பூட்டும் திறப்பும் ஒரே கையில் இருந்தால் அது பூட்டே இல்லை.

ஆகவே இந்தப் பதிவில் செயலிகளைப் பற்றி அதிகம் இல்லை. போனுக்கு வெளியே, கையால் தொட்டுத் தூக்கக்கூடிய பொருட்களைப் பற்றியது இது. ஓலைப்பெட்டி, நேரச் சுவிச்சு, இரண்டாவது சிம், மரத்துண்டு, சைக்கிள் டைனமோ. கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ வவுனியாவிலோ தேடினால் கிடைக்கும் சாமான்களே பெரும்பாலும் போதும்.

ஒரு நிபந்தனையை முதலில் சொல்லிவிட வேண்டும். வன்னியில் போனை முழுதாக நிறுத்தி வைக்க முடியாது. அநேக குடும்பங்களில் ஒருவராவது கனடாவிலோ லண்டனிலோ பிரான்ஸிலோ இருக்கிறார். மாரியில் இரணைமடுக் குளத்தின் வான் கதவு திறக்கிற செய்தி தாழ்ந்த பகுதிக்குப் போனில்தான் முதலில் வருகிறது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. நடு இரவில் ஒருவருக்குச் சுகமில்லாமல் போனால் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சைக் கூப்பிடவும் போன்தான் வேண்டும். ஆகவே எந்த உபாயத்துக்கும் ஒரே பரீட்சை: அழைப்பு எப்போதும் வர வேண்டும், ஓடும் படம் மட்டும் நிற்க வேண்டும். இதில் தோற்கும் கருவி எவ்வளவு வடிவாக இருந்தாலும் இங்கே வேண்டாம்.

வெளிநாடுகளில் பேர்போன நேரப்பூட்டுப் பெட்டி இந்தப் பரீட்சையில் தோற்கிறது. பொருளை உள்ளே வைத்து மூடியைத் திருகினால் குறித்த நேரம் முடியும் வரை திறக்காத பெட்டி அது. கேசேஃப் என்ற வகையில் 1 நிமிடத்திலிருந்து 10 நாள் வரை பூட்டலாம். இனிப்புப் பண்டத்துக்கு அது சரி. வேறு தொலைபேசி இல்லாத வீட்டில் ஒரே போனை அதற்குள் வைப்பது ஆபத்து. பிஸ்கற் வந்த தகரப் பேணியும் அப்படித்தான். தகரம் சிக்னலை மறிக்கும். போன் கோபுரத்தைத் தேடித் தேடி அலைக்கழிந்து, பற்றரியை இறக்கி, சூடாகியும் போகும். மூடி இறுக்கமாக இருந்தால் மணிச்சத்தமும் வெளியே வராது.

பனை ஓலை மூடல்பெட்டி இந்த இரண்டு குறையும் இல்லாதது. ஓலை சிக்னலை மறிக்காது, பின்னலின் இடைவெளியால் மணியும் கேட்கும். இப்போதைய போன்கள் ஏறத்தாழ 16 சென்ரிமீற்றர் நீளமும் 7.5 அகலமும் வருவதால், உள்ளளவு 20க்கு 10, ஆழம் 8 சென்ரிமீற்றர் உள்ள பெட்டியாகச் சொல்லி இழைப்பியுங்கள். கடையில் இருக்கும் வெற்றிலைப் பெட்டி அளவு சில வேளை போனுக்குக் கட்டையாக இருக்கும். மூடியை நீளமான ஒரு கயிற்றால் கட்டி ஐந்து முடிச்சுப் போடுங்கள். சுருக்கு முடிச்சு வேண்டாம், இழுத்தால் அவிழ்ந்துவிடும். ஐந்து முடிச்சை அவிழ்க்க அரை நிமிடத்துக்குக் கிட்டப் பிடிக்கும். சும்மா எடுத்துப் பார்க்கும் கைக்கு அந்த அரை நிமிடம் நீளம். அழைப்பு வந்தால் முடிச்சோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மணி ஓய்ந்த பிறகு அவிழ்த்துத் திருப்பி எடுக்கலாம். அவசரம் என்றால் கத்தி இருக்கிறது, கயிறுதானே.

பெட்டிக்குள் வைத்துச் சாஜ் போடாதீர்கள். லித்தியம் பற்றரி சாஜ் ஏறும்போது சூடாகும், ஓலை அந்தச் சூட்டை வெளியே விடாது. ஐபோனைப் பாவிக்கும் சூழல் வெப்பம் 35 பாகைக்கு மேற்படக் கூடாது என்று அதன் நிறுவனமே சொல்கிறது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அந்த அளவு வெளியிலேயே தாண்டிவிடும். பெட்டியைக் கூரைக்குக் கிட்ட உள்ள பறணில் வைக்காமல் நிலத்தோடு சேர்ந்த நிழலில், படுக்கும் இடத்திலிருந்து எழும்பிப் போக வேண்டிய தூரத்தில் வையுங்கள். தலைமாட்டில் வைத்த பெட்டியால் ஒரு பயனும் இல்லை.

அடுத்தது சிம்மைப் பிரிப்பது. என் கணிப்பில் இந்தப் பதிவில் மிகப் பலன் தரக்கூடிய ஏற்பாடு இதுதான், ஆனால் கொஞ்சப் பேரே செய்கிறார்கள். கதைக்கும் சிம்மைப் போனில் விடுங்கள். டேற்றா சிம்மை எடுத்து ஒரு சின்னப் பொக்கற் ரவுட்டரில் (சிம்மின் டேற்றாவை வைஃபையாகத் தரும் கையடக்கக் கருவி) போடுங்கள். போனில் மொபைல் டேற்றாவை நிறுத்துங்கள். கதைக்கும் சிம்மில் டேற்றா பக்கேஜ் எதுவும் போடாதீர்கள். இப்போது போன் ரவுட்டர் இருக்கும் இடத்தில் மட்டும் இணையத்தைப் பார்க்கும். வயலுக்கும் கடைக்கும் கோயிலுக்கும் போகும்போது அது கதைக்கவும் குறுஞ்செய்தி வாங்கவும் மட்டும் பயன்படும். வங்கியின் இரகசிய இலக்கம் குறுஞ்செய்தியாக வருவதால் அதற்குத் தடையில்லை. வட்ஸ்அப் கணக்கு இலக்கத்தோடு கட்டப்பட்டதே தவிர சிம் எந்தக் கருவியில் இருக்கிறது என்பதோடு அல்ல. ஆகவே வைஃபை கிடைத்ததும் அதே கணக்கு வேலை செய்யும்.

இதில் பிழைப்பது இரண்டு இடத்தில். ஒன்று, பொக்கற் ரவுட்டரை இரவு பகலாகச் சாஜரில் செருகி வைத்தால் அதன் பற்றரி நாளடைவில் ஊதக்கூடும். பின்மூடி மேலெழும்பியிருந்தால் பற்றரி ஊதிவிட்டது; உடனே கழற்றுங்கள், குத்தவோ அமத்தவோ வேண்டாம். சாஜ் நிரம்பியதும் வயரை எடுத்துவிடுவது பாதுகாப்பு. மற்றது, ரவுட்டரையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போவது. அதைத் தடுக்க அதை ஒரு பலகையில் பட்டி போட்டு ஆணியால் சுவரில் அறைந்து விடலாம். ஜன்னல் ஓரமாக, கோபுரம் இருக்கும் பக்கம் பார்த்து அறைந்தால் சிக்னலும் கூடக் கிடைக்கும்.

வீட்டில் பெரிய ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு நேரச் சுவிச்சு. சுவர்ப் பிளக்கில் செருகி, அதன் முகத்தில் ரவுட்டரின் அடப்ரரைச் செருகும் பொருள். சுழலும் வட்டத்தைச் சுற்றி 96 சின்ன ஊசிகள் இருக்கும், ஒவ்வொன்றும் 15 நிமிடம். அமத்திய ஊசிகளின் நேரத்தில் ரவுட்டருக்குக் கறண்ட் கிடைக்கும் (சில வகையில் நேர்மாறு, பக்கத்தில் போட்டிருக்கும் படத்தைப் பாருங்கள்). வாங்கும்போது 13 அம்பியர் சதுர ஊசிப் பிளக் உள்ளதாக வாங்குங்கள். பழைய வீடுகளில் உருண்டை ஊசித் துளைதான் இருக்கும். அதற்கு மாற்றுப் பிளக் போட்டால் தளர்ந்து பொறி பறக்கும். துளையை மாற்றுவிப்பதே சரி.

கறண்ட் போனால் இந்தச் சுவிச்சின் வட்டமும் நின்றுவிடும். அதன் மோட்டார் அதே 230 வோல்ட்டில்தான் ஓடுகிறது. புதன்கிழமை இரண்டு மணித்தியாலம் கறண்ட் வெட்டினால் இரவு 9.30க்கு அணைய வேண்டிய ரவுட்டர் 11.30க்கு அணையும். பிள்ளைகள் இதைப் பெரியவர்களுக்கு முதல் கண்டுபிடித்துவிடுவார்கள். வெட்டு முடிந்த பிறகு வட்டத்தை அம்புக்குறி காட்டும் திசையில் திருப்பி நேரத்தைச் சரி செய்யுங்கள். எதிர்த் திசையில் திருப்பினால் உள்ளே இருக்கும் பிளாஸ்ரிக் பற்சில்லு உடையும். அடிக்கடி கறண்ட் போகும் இடமென்றால் இலக்கத் திரை உள்ள வகையை எடுங்கள். அதற்குள் ஒரு சின்னப் பற்றரி நேரத்தைக் காப்பாற்றும். ஆனால் முதல் நாள் பல மணித்தியாலம் பிளக்கில் விட்டுச் சாஜ் ஏற்றிய பிறகே அதில் நேரம் குறிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல்: கறண்ட் போனாலும் ரவுட்டர் ஓடுவதற்குச் சின்ன மின்சேமிப்புப் பெட்டி வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நேரச் சுவிச்சு வேலை செய்யாது. சுவிச்சு அணைந்ததும் அந்தப் பெட்டி கறண்ட் வெட்டு என்று நினைத்துத் தன் பற்றரியில் ரவுட்டரை ஓட்டிக்கொண்டிருக்கும். பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் சுவிச்சைப் போடவும் முடியாது, ஏனென்றால் அங்கே ஓடுவது 12 வோல்ட் நேரோட்ட மின். அப்போது ரவுட்டரின் உள்ளமைப்பில் கைவைக்க வேண்டும். உலாவியில் 192.168.8.1 அல்லது 192.168.1.1 என்று அடித்துப் போனால் (சரியான இலக்கம் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்) பெற்றோர் கட்டுப்பாடு என்ற பகுதியில் ஒவ்வொரு கருவிக்கும் நேரம் குறிக்கலாம். ஒவ்வொரு போனிலும் அந்த வைஃபையின் விபரத்தைத் திறந்து, எழுமாற்று மக் முகவரிக்கு (வைஃபையில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் இலக்கம்) பதிலாகப் போனின் சொந்த மக் முகவரியைத் தெரிவு செய்யுங்கள். செய்யாவிட்டால் ரவுட்டர் அந்தப் போனைப் புதிய கருவி என்று எண்ணி விட்டுவிடக்கூடும்.

அணைக்கும் நேரத்தை யோசிக்காமல் போட்டுவிடாதீர்கள், புலம்பெயர் உறவுகளின் நேரத்தைக் கணக்கில் எடுங்கள். கோடையில் லண்டன் நமக்கு 4.30 மணித்தியாலம் பின்னால், பாரிஸ் 3.30, ரொறன்ரோ 9.30. குளிர்காலத்தில் மூன்றுக்கும் இன்னும் ஒரு மணித்தியாலம் சேரும். நமக்கு இரவு 9.30 என்றால் கோடை லண்டனில் பின்னேரம் 5 மணி, அப்போதுதான் வேலை முடிந்திருக்கும். ரொறன்ரோவில் நண்பகல் 12. லண்டன் உறவு கதைப்பது நள்ளிரவுக்குக் கிட்ட என்றால் ஏழு நாளும் 9.30க்கு வெட்டுவது சண்டையில்தான் முடியும். கிழமையில் ஒரு இரவை அவர்களுக்கென்று ஒதுக்கி, அன்றைக்கு மட்டும் சுவிச்சின் பக்கத்தில் உள்ள சிறு நெம்பைத் தொடர்ந்து எரியும் நிலைக்குத் தள்ளி விடுங்கள். ரொறன்ரோவுக்குக் காலையே வசதி: கோடையில் நமக்குக் காலை 6.30 என்றால் அங்கே முதல்நாள் இரவு 9.

இனி டைனமோ. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். கறண்டும் இல்லை. வடக்கில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் இழுத்துச் செய்தி கேட்டார்கள். அதே டைனமோவால் இன்று வேறொரு வேலை வாங்கலாம்: உங்கள் பொழுதுபோக்குப் போனுக்குச் சுவர்ப் பிளக்கைத் தொட விடாமல், சைக்கிளால் மட்டும் சாஜ் ஏற்றுவது. கதைக்கிற போன் வேறாக இருக்க வேண்டும், பட்டன் போனே போதும்.

கணக்கு இப்படி. போத்தல் வடிவ டைனமோ 6 வோல்ட், 3 வாற்று. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில்தான் அந்த அளவு வரும். 5000 மில்லியம்பியர் மணிப் பற்றரி ஏறத்தாழ 19 வாற்று மணி கொள்ளும். டயோட்டிலும் மாற்றியிலும் பவர் பாங்கிலும் போய்க் கழிந்து போனுக்குள் சேர்வது ஒன்றரை வாற்றுக்குக் கிட்ட. அப்படியென்றால் வெறுமையிலிருந்து நிரப்பப் 12, 13 மணித்தியாலம் உழக்க வேண்டும். ஒரு வீதம் ஏற எட்டு நிமிடம். வீடியோ பார்க்கும்போது போன் செலவழிப்பதும் ஒன்றரை இரண்டு வாற்று அளவில்தான் இருக்கும். ஒரு மணித்தியாலம் உழக்கினால் ஒரு மணித்தியாலம் பார்க்கலாம், சில வேளை அதுவும் குறையும்.

செய்வதற்கு வேண்டியவை: 3 அம்பியர் ஸ்கொட்கி டயோட் 4, 2200 மைக்ரோபரட் 50 வோல்ட் மின்தேக்கி 1, எல்எம் 2596 இறக்கு மாற்றிப் பலகை (வோல்ட்டைக் குறைத்துத் தருவது) 1, யூஎஸ்பி பெண் முனை 1, மூடியுள்ள பிளாஸ்ரிக் டப்பா 1, பழைய பவர் பாங் 1. டயோட் நான்கையும் பாலமாக ஒட்டி (டைனமோவின் மாறுமின்னை இது நேரோட்டமாக்கும்), அதன் வெளியீட்டுக்குக் குறுக்கே மின்தேக்கியைக் கூட்டல் கழித்தல் பார்த்துப் பற்றவைத்து, பிறகு மாற்றிப் பலகை. எதையும் செருக முதல், வோல்ட் மீற்றரை வைத்துக்கொண்டு பலகையில் உள்ள சிறு திருகாணியைத் திருப்பி வெளியீட்டை 5.1 வோல்ட்டில் நிறுத்துங்கள். கடையில் வரும் பலகை பெரும்பாலும் வேறு அளவில் இருக்கும். சரிபார்க்காமல் செருகினால் பவர் பாங் கருகும்.

டைனமோவின் ஒரு முனை அதன் உடம்பு, அதாவது சைக்கிள் சட்டம். பாலத்தின் கழித்தல் வயரும் எங்காவது சட்டத்தில் பட்டால் ஒரு டயோட் வழியாக டைனமோ குறுக்கே இணைந்து, சாஜ் ஏறுவது குறையும். ஆகவேதான் பிளாஸ்ரிக் டப்பா. சாதாரண 1 அம்பியர் டயோட் போட்டாலும் ஓடும், ஆனால் அது விழுங்கும் வோல்ட் கூட. பலகைக்கு ஆகக் குறைந்தது ஆறரை வோல்ட் வேண்டும் என்பதால், மெதுவாகப் போகும்போது சாஜ் ஏறாது. மறுபக்கம், சுமை இல்லாமல் வேகமாக உழக்கினால் டைனமோவின் வோல்ட் பலகை தாங்கும் 40ஐ எட்டப் பார்க்கும். பவர் பாங்கைச் செருகிய பிறகே டைனமோவைத் தயரில் சாய்க்கவும், நிரம்பினால் முதலில் டைனமோவை விலக்கவும். போனை நேரே செருகக் கூடாது. குழியிலும் சந்தியிலும் வேகம் குறையக் குறையச் சாஜ் நின்று நின்று தொடங்கும், ஒவ்வொரு தடவையும் திரை எழும்பும்.

டைனமோவின் தண்டு சில்லின் நடுவைப் பார்த்து நிற்க வேண்டும். சரிந்து நின்றால் தயரின் பக்கச் சுவரைத் தின்றுவிடும். மழையில் உருளை வழுக்கும், கிரவல் றோட்டுச் சேறு ஒட்டினால் இன்னும் மோசம். காலபோகத்தில் இந்த ஏற்பாட்டை நம்பியிருக்க முடியாது. சிறுபோக மாதங்களுக்கே இது.

மற்றவை சின்ன விஷயங்கள். றப்பர் வளையம் ஒன்றைப் போனின் நடுவில் குறுக்காகப் போட்டால் திரையைத் தள்ளும் பெருவிரல் ஒவ்வொரு தடவையும் அதில் முட்டும். துணி சுற்றிய தலைமயிர் வளையம் நல்லது. மேல் விளிம்பில் போடாதீர்கள், அங்கேயுள்ள உணரியை மறைத்தால் கதைக்கும்போது திரை இருண்டே கிடக்கும். பக்கச் சுவிச்சின் மேலும் விழக் கூடாது. நனைந்த வளையம் திரையைத் தானாகத் தொடும்.

திரையைக் கறுப்பு வெள்ளையாக்க: செற்றிங்ஸ், அக்செசிபிலிற்றி, கலர் கரெக்‌ஷன், கிரேஸ்கேல். ஐபோனில் அக்செசிபிலிற்றிக்குள் டிஸ்பிளே பகுதியில் கலர் ஃபில்டர்ஸ். படம் எடுத்தால் படம் நிறத்தோடுதான் பதியும், உங்கள் கண்ணுக்கு மட்டுமே சாம்பல். நெல் இலையில் விழுந்த புள்ளியைப் படமெடுத்து விவசாயப் போதனாசிரியருக்கு அனுப்பினால் அவருக்கு நிறம் சரியாகத் தெரியும். ஆனால் அவர் திருப்பி அனுப்பும் படத்தில் மஞ்சளையும் பழுப்பையும் பிரிக்க நீங்கள் நிறத்தைத் திரும்பப் போட்டாக வேண்டும்.

தொட்டால் திறக்கும் என்எஃப்சி வில்லை (கிட்டக் கொண்டுபோனால் போன் வாசிக்கும் சின்னச் சில்லு) நல்ல யோசனை. பிரிக் என்ற கருவி அந்த வகை: போனை ஒரு தடவை அதில் தொடவைத்தால் தெரிவு செய்த செயலிகள் பூட்டும், மறுபடி அதே கருவியில் தொட்டால்தான் திறக்கும். அதைக் கிணற்றடியிலோ படலையடியிலோ வைத்தால் எழும்பி நடக்க வேண்டும். சாதாரண வில்லையைத் தகரக் கதவில் நேரே ஒட்டினால் உலோகம் அலையைத் தின்னும், போன் வாசிக்காமல் விடலாம். நடுவில் அரை சென்ரிமீற்றர் மரத்துண்டு வையுங்கள். மலிவான போன்கள் பலவற்றில் என்எஃப்சி இல்லை. வாங்க முதல் பாருங்கள்.

கை சும்மா இருக்க மாட்டாமல் போனைத் தேடுபவர்களுக்கு மரப்போன். மரவேலைத் தளத்தில் கழிக்கும் முதிரைத் துண்டைக் கேட்டு வாங்கி 15க்கு 7 சென்ரிமீற்றர் அளவில் அறுத்து, ஓரம் தேய்த்து, தேங்காயெண்ணெய் பூசினால் போதும். போனின் தடிப்புக்கே 8 மில்லிமீற்றரில் அறுத்தால் 80 கிராம்தான் வரும், கை ஏமாறாது. 16 மில்லிமீற்றரில் அறுத்தால் 160 கிராம், போனின் பாரத்துக்குக் கிட்ட. வேம்பு வேண்டாம், இலேசு.

நேரம் பார்க்கவென்று எடுத்த போன்தான் அரை மணித்தியாலம் கையில் நிற்கிறது. அதற்கு மணிக்கூடு. 1989இலிருந்து வரும் காசியோ எஃப்-91டபிள்யூவில் அலாரம் இருக்கிறது, சிஆர்2016 பற்றரி ஒன்றுக்கு ஏறத்தாழ ஏழு வருடம் ஓடும். போலி நிறைய. வலப்பக்கப் பொத்தானை மூன்று செக்கன் அமத்திப் பிடியுங்கள், திரையில் காசியோ என்ற ஆங்கில எழுத்து வராவிட்டால் வாங்காதீர்கள். அலாரம் மெல்லிய சத்தம். நித்திரை கூடியவர்களுக்கு மேசை மணிக்கூடுதான்.

இரவில் போனை மௌனத்தில் விடுவதென்றால், தொந்தரவு வேண்டாம் என்ற நிலையில் நட்சத்திரமிட்ட இலக்கங்களுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். மீண்டும் அழைப்போர் என்பதையும் போடுங்கள். அன்ரொயிட்டில் ஒரே ஆள் 15 நிமிடத்துக்குள் இரண்டாந்தரம் எடுத்தால் மணி அடிக்கும், ஐபோனில் 3 நிமிடம். வட்ஸ்அப் அழைப்புக்கு இந்த அனுமதி எல்லாப் போனிலும் செல்லாது, ஒரு தடவை எடுக்கச் சொல்லிப் பரீட்சித்துவிட்டே படுங்கள்.

கார்த்திகை, மார்கழியில் தொடர் மழை பிடித்து, குளங்கள் வான் பாயத் தொடங்கினால் இவை எல்லாவற்றையும் கழற்றுங்கள். பெட்டியைத் திறந்து வையுங்கள், மௌனத்தை எடுங்கள், டேற்றா சிம்மைப் போனுக்குள் திரும்பப் போடுங்கள், பவர் பாங்கைச் சுவர்ப் பிளக்கில் நிரப்பி வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐப் பட்டன் போனிலும் பதிந்து விடுங்கள். தண்ணீர் வடிந்து கறண்டும் ஒழுங்கான பிறகு, நேரச் சுவிச்சின் வட்டத்தை அன்றைய மணிக்குத் திருப்பிவிட்டு மறுபடி செருகலாம்.